சர்ஜாப்பூரா, சோனிபட்டா, லாங்ஃபோர்ட் ரோடா? அக்கா மகளுக்கு லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு தேடியபோது

அக்கா மகள் இந்த வருடம் இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். ஹெச்.இ.பி.எஸ். பிரிவு. அதாவது வரலாறு, பொருளாதாரம், அரசியல், சமூகவியல். வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மாமாவுக்கு ஸ்ரீராமபுரத்தில் சின்னப் பாத்திரக் கடை. அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஆர்ட்ஸ் படித்தவர்கள் யாரும் கிடையாது. நான் பி.காம்., ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். "சித்தி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று பாப்பா சொல்லிவிட்டதால் தேடுகிற வேலை என்னிடம் வந்தது. ஜனவரியில் ஆரம்பித்து மே வரைக்கும் அதே வேலையாக இருந்தேன். பெங்களூரில் இதே குழப்பத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் லிபரல் ஆர்ட்ஸ் என்றால் என்ன என்று எனக்கே புரிய வேண்டியிருந்தது. மாமா அதை ஓவியம், நாட்டியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். புரிய வைத்தது பாப்பா எழுதிய ஒரு கட்டுரைதான்.

கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவச பஸ் திட்டம் 2023 ஜூனில் வந்தது, சக்தி திட்டம். அது வந்த பிறகு எங்கள் அம்மா மாதம் ஒரு தடவையாவது கோலார் தங்கவயலில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போய்விடுகிறார். அதற்கு முன்னால் பொங்கலுக்கு ஒருமுறை போனால் பெரிது. பாப்பா அந்த ஜீரோ டிக்கெட் ஒன்றை நோட்டில் ஒட்டி வைத்து, அதைப் பற்றியே கட்டுரை எழுதினாள். டிக்கெட்டுக்குப் பணம் வாங்கவில்லை என்றால் பஸ் கார்ப்பரேஷனுக்கு அந்தப் பணத்தை யார் தருகிறார்கள்? பாட்டிக்கு இத்தனை நாள் போக முடியாமல் இருந்தது காசு இல்லாததாலா, யாரிடமாவது காசு கேட்க வேண்டியிருந்ததாலா? பெரியம்மா குடும்பம் எதற்குத் தங்கவயலில் இருக்கிறது? 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் நடத்த வந்தபோது வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஆள் போனதால். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? பிள்ளைகள் ஏன் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்?

ஒரு டிக்கெட்டில் பொருளாதாரம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, பெண்களின் நிலைமை இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. நான்கையும் நான்கு பெட்டியில் போட்டுப் படிக்காமல், ஒரு கேள்வியைப் பல பக்கத்திலிருந்து பார்க்கப் பழக்குவதுதான் லிபரல் ஆர்ட்ஸ். அதோடு நிறைய வாசிக்க வைப்பார்கள், நிறைய எழுத வைப்பார்கள், எழுதியதைத் திருத்தித் திரும்பவும் எழுத வைப்பார்கள். அந்தக் கட்டுரையைக் கல்லூரி லெக்சரர் ஒருவர் பென்சிலால் திருத்திக் கொடுத்திருந்தார். ஓரமெல்லாம் "இது உனக்கு எப்படித் தெரியும்?" "யாரைக் கேட்டாய்?" என்று எழுதியிருந்தது. பாப்பா அதை மூன்று தடவை திருப்பி எழுதினாள். அப்போதே என் மனதில் ஒன்று உறுதியானது. கட்டிடத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இந்தப் பென்சில் எங்கே கிடைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். அதை நம் குடும்பம் கடனில் மூழ்காமல் வாங்க முடியுமா என்பது அடுத்தது.

நாங்கள் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தது நான்கு இடங்களைப் பற்றி. சர்ஜாப்பூரில் இருக்கும் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஹரியானாவில் சோனிபட்டில் இருக்கும் அசோகா, சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா, நம்ம ஊர் லாங்ஃபோர்ட் ரோட்டில் இருக்கும் செயின்ட் ஜோசப்ஸ்.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இருந்துகொண்டே எங்கள் மாதிரி ஆட்களுக்கு அதைப் பற்றித் தெரியவில்லை. விப்ரோ அசிம் பிரேம்ஜியின் அறக்கட்டளை நடத்துவது. 2010இல் கர்நாடகச் சட்டசபை தனிச் சட்டம் போட்டு உருவானது. முதலில் எம்.ஏ. மட்டும்தான் இருந்தது, 2015இல் இளநிலைப் படிப்புகளைத் தொடங்கினார்கள். முன்பு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருந்தது, இப்போது சர்ஜாப்பூரில் சொந்த வளாகம். 2023இல் போபாலிலும் ஒன்று தொடங்கினார்கள். லாப நோக்கம் இல்லாத அமைப்பு என்று எல்லாரும் எழுதிக்கொள்வார்கள்தான். ஆனால் இங்கே அந்தப் பேச்சுக்குப் பின்னால் பணம் நிற்கிறது. 2019இல் பிரேம்ஜி தன் விப்ரோ பங்குகளில் இன்னும் ஒரு பெரிய பகுதியின் வருமானத்தை எழுதிக் கொடுத்தபோது, அறக்கட்டளைக்குக் கொடுத்த மொத்த மதிப்பு சுமார் 1,45,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். மாணவர் கட்டுகிற ஃபீஸில் கட்டிடம் கட்ட வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. கணக்குப் பார்க்கிறவளாக எனக்கு இது பெரிய விஷயம்.

பொருளாதாரம், வரலாறு, ஆங்கிலம், தத்துவம், இயற்பியல், உயிரியல், கணிதம் என்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவான பாடங்களையும் கூடவே படிக்க வேண்டும். இந்தியாவைப் புரிந்துகொள்வதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. பி.எஸ்.சி. பி.எட். சேர்ந்த படிப்பும் இருக்கிறது. டீச்சர் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகள் இதைத் தவறவிடக் கூடாது. நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்காணல். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். கட்டணம் முழுவதும், தேவைப்பட்டால் விடுதி, சாப்பாட்டுச் செலவு வரைக்கும் கிடைக்கக் கூடும். இந்தியாவில் வேலைவாய்ப்பு எப்படி இருக்கிறது என்று 2018 முதல் அவர்கள் வெளியிட்டு வரும் அறிக்கையைப் பத்திரிகைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். அந்த அறிக்கையில் வேலை செய்கிறவர்களே இளநிலைப் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

குறை என்று பார்த்தால் தூரம். பெங்களூரில் இருக்கிறது என்று பெயர்தான். ஒரு சனிக்கிழமை பாப்பாவும் நானும் மெஜஸ்டிக் போய் அங்கிருந்து பஸ் பிடித்துப் போனோம். அகரா தாண்டி, தொம்மசந்திரா தாண்டி, சர்ஜாப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பாப்பா கண்டக்டரிடம் ஆதார் கார்டைக் காட்டி ஜீரோ டிக்கெட் வாங்கிக்கொண்டாள். தினமும் போய் வருவது நடக்காத காரியம், விடுதியில்தான் இருக்க வேண்டும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது பாப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பொருளாதாரம் எடுப்பதா வரலாறு எடுப்பதா என்றே பேசிக்கொண்டு வந்தாள். தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது அசோகா. இந்தியாவில் லிபரல் ஆர்ட்ஸ் என்றால் படித்தவர்கள் வாயில் முதலில் வருவது இந்தப் பெயர்தான். 2014இல் சோனிபட்டில் தொடங்கினார்கள். ஒரே பணக்காரர் கொடுத்த பணத்தில் நடப்பதல்ல, தொழிலதிபர்கள் பலர் சேர்ந்து நன்கொடை போட்டு நடத்துவது. அங்கே சேர்ந்த அன்றே முதன்மைப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் அடிப்படைப் பாடங்களை எல்லாரும் படிப்பார்கள். இந்திய நாகரிகங்கள், மனமும் நடத்தையும், அறிவியலின் அடிப்படை, சுற்றுச்சூழல் என்று. அதற்கப்புறம் தேர்ந்தெடுக்கலாம். பதினேழு வயதில் என்ன பிடிக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு இது நிஜமான வரம். எழுத்துக்கும் வாசிப்புக்கும் அவர்கள் தரும் அழுத்தம் பெயர் போனது.

ஆனால் கட்டணமும் விடுதியும் சேர்த்தால் வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். நான்கு வருடத்துக்கு நாற்பது லட்சம். மாமாவின் கடைக் கல்லாப்பெட்டி மேல் ஒரு பில் புத்தகத்தைத் திருப்பிப் போட்டு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 55,000 ரூபாய். படிக்கும்போது ஏறுகிற வட்டியைச் சேர்க்காமலேயே இவ்வளவு. பாதிக் கடன் என்றாலும் 27,500 ரூபாய். மாமா அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. பி.ஏ. முடித்த பிள்ளை முதல் வேலையிலேயே மாதம் 55,000 கடன் கட்ட முடியுமா? முடிந்தாலும், அப்புறம் அவள் எம்.ஏ. படிக்கவோ, சம்பளம் குறைந்த, மனதுக்குப் பிடித்த வேலை ஒன்றில் சேரவோ முடியுமா? எந்தச் சுதந்திரத்துக்காக லிபரல் ஆர்ட்ஸ் படிக்கிறாளோ, அந்தச் சுதந்திரத்தையே தவணை விழுங்கிவிடும்.

அசோகாவும் குடும்ப நிலைமை பார்த்து உதவித்தொகை தருகிறது, முழுக் கட்டணம் வரைக்கும். அதனால் விண்ணப்பிக்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பியுங்கள். ஆனால் உதவித்தொகைக் கடிதம் கையில் வந்து, மீதி எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் ஆசைப்பட வேண்டும். இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் அங்கே பேராசிரியராக இருந்த அரசியல் அறிஞர் பிரதாப் பானு மேத்தா விலகினார். உடனே பொருளாதார நிபுணர் அரவிந்த் சுப்பிரமணியனும், கருத்துச் சுதந்திரத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது என்று கடிதம் எழுதிவிட்டு விலகினார். நன்கொடையில் நடக்கிற எந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலும் இந்தக் கேள்வி வரும். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பு என்பதால் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கிரியாவைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் விஷயம் இல்லை. 2018இல் தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் இருந்த ஐ.எஃப்.எம்.ஆர். மேலாண்மைப் பள்ளி அதன் ஒரு பகுதி. கலையும் அறிவியலும் பின்னிப் பிணைந்த படிப்பு என்பது அவர்கள் சொல்லும் வழி. மூன்று பருவமாக ஆண்டைப் பிரித்திருக்கிறார்கள். தடா தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. சென்னையில் சொந்தக்காரர்கள் இருக்கிற பெங்களூர் குடும்பங்களுக்கு வசதி. செலவு இதிலும் லட்சக்கணக்கில்தான். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை, சுற்றிலும் ஊர் என்று பெரிதாக எதுவும் இல்லை. பாப்பாவுக்கு அது ஒத்துவராது என்று தோன்றியது. அவள் பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் ஆட்களைப் பார்த்துப் பேசி எழுதுகிற பெண்.

இனி செயின்ட் ஜோசப்ஸ். பிரெஞ்சுப் பாதிரியார்கள் 1882இல் தொடங்கி, 1937இல் இயேசு சபையார் எடுத்து நடத்திய கல்லூரி. 2022இல் பல்கலைக்கழகமானது. இதை எதற்கு லிபரல் ஆர்ட்ஸ் கணக்கில் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். பெங்களூர் பி.ஏ. படிப்பு நெடுங்காலமாகவே ஒரே பாடத்தில் அடைத்து வைக்கிற படிப்பு இல்லை. தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு, பி.ஏ. பொருளாதாரம் என்று ஒன்றை எடுப்பார்கள். இங்கே வரலாறு, பொருளாதாரம், அரசியல் மூன்றையும் சம எடையில் படிப்பது வழக்கம். யாரும் அதற்கு லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தனியார் பல்கலைக்கழகச் செலவோடு வைத்துப் பார்த்தால் இங்கே கட்டுகிற பணம் எங்கள் கைக்கு எட்டுவது. மெட்ரோவில் ஏறி, மாறி, வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம். அக்காவுக்கு இது ஒன்றே போதும்.

நான் தயங்கியது வகுப்பின் அளவைப் பற்றி. பெரிய கல்லூரிகளில் ஒரு செக்‌ஷனில் நிறையப் பேர் இருப்பார்கள். அறுபது பேர் கட்டுரையை ஒரு ஆசிரியர் பென்சில் பிடித்துத் திருத்துவது கஷ்டம். ஆசிரியரைத் தேடிப் போய்க் கேட்டு வாங்குகிற பிள்ளைக்கு எங்கேயும் கிடைக்கும், கூச்சப்படுகிற பிள்ளைக்குச் சின்ன வகுப்பு வேண்டும். பாப்பா தேடிப் போகிற ரகம். தமிழும் ஒரு காரணம். இவள் தமிழ் பேசுவாள், வாசிக்கத் தடுமாறுவாள். பெங்களூரின் பழைய கல்லூரிகள் சிலவற்றில் மொழிப் பாடமாகத் தமிழ் எடுக்கலாம். அந்த வருடம் வகுப்பு நடக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரம்தான் என்று தீர்மானமாக இருக்கும் பிள்ளைகள் 2017இல் தொடங்கிய டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸையும் பார்க்கலாம். பெங்களூர் ஞானபாரதியில் இருக்கிற அரசுப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுக்கே அனுப்பத் தயார் என்றால் 1837இல் தொடங்கிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் இருக்கிறது. மாமா கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மதியம் பிருந்தாவன் ரயிலில் ஏற்றிவிட்டால் ராத்திரிக்குள் சென்னை என்பது அவர் வாதம்.

மூன்று வருடமா நான்கு வருடமா என்ற குழப்பமும் இருக்கிறது. கர்நாடகம் புதிய கல்விக் கொள்கைப்படி 2021இல் நான்கு வருடப் பட்டம் கொண்டுவந்தது. 2024இல் அரசு அதை எடுத்துவிட்டுத் தன் பல்கலைக்கழகங்களில் மூன்று வருடத்துக்கே திரும்பிவிட்டது. அசிம் பிரேம்ஜி, அசோகா மாதிரி இடங்களில் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது. யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி நான்கு வருடம் முடித்தவர்கள் எம்.ஏ.வை ஒரே வருடத்தில் முடிக்க வழி இருக்கிறது. 75 சதவீதம் வாங்கியிருந்தால் நேராக பி.ஹெச்டி.க்கும் விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு நான்காவது வருடம் வீண் இல்லை. ஐ.ஏ.எஸ்., பேங்க் பரீட்சை என்று நினைக்கிறவர்களுக்கு ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும், நான்காவது வருடச் செலவு தேவையா என்று யோசிக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இந்தத் தேடலில் நாங்கள் ஓரிடத்தில் அடிபட்டோம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து கவுன்சலர் என்று ஒருவர் ஒரே வாரத்தில் பதினோரு தடவை போன் செய்தார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள 25,000 கட்டினாத்தான் சீட், இல்லன்னா ஸ்காலர்ஷிப் போயிடும்" என்றார். அக்கா பயந்துபோய் என்னைக் கேட்காமல் கட்டிவிட்டாள். பிறகு வேண்டாம் என்று சொன்னபோது, திருப்பித் தருவது வழக்கம் இல்லை என்றார்கள். வழக்கம் என்ன, விதி இருக்கிறது. 2018இல் யு.ஜி.சி. போட்டது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் முன்னாலோ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், நடைமுறைச் செலவு என்று கட்டணத்தில் 5 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அதற்குப் பிறகு விலகினால் 90, 80, 50 சதவீதம் என்று நாளுக்கு ஏற்பக் குறையும். கடைசித் தேதி போய் முப்பது நாளும் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. இதை எழுதி, ரசீது நகல் வைத்து, ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பணம் வந்தது. தையல் கூலியில் சேர்த்த பணம் அது. அந்த ஏழு வாரமும் அக்கா சரியாகத் தூங்கவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எந்த இடத்துக்குப் போன் செய்தாலும் ஒரே கேள்வியை முதலில் கேட்டேன். ஒரு செமஸ்டரில் பிள்ளை எத்தனை கட்டுரை எழுதுவாள், எத்தனை திருத்தித் திரும்ப வரும்? சில இடங்களில் டக்கென்று பதில் வந்தது, எந்தப் பாடத்தில் எத்தனை என்று சொன்னார்கள். சில இடங்களில் ஏசி வகுப்பறை, வெளிநாட்டு ஒப்பந்தம் என்று பேச்சு வேறு பக்கம் போனது. அவற்றை அப்படியே நோட்டிலிருந்து அடித்துவிட்டோம். உதவித்தொகை விஷயத்தில் கேட்க வேண்டியது, முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா, மார்க் குறைந்தால் நின்றுவிடுமா என்று. பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? எங்கள் வீட்டுக்கு முதல் இடம் அசிம் பிரேம்ஜி, கட்டணத்தில் பெரும்பகுதி உதவித்தொகையாகக் கிடைத்தால். கிடைக்காவிட்டால் செயின்ட் ஜோசப்ஸ், கண்ணை மூடிக்கொண்டு. அங்கே மூன்று வருடம் நன்றாகப் படித்துவிட்டு, எம்.ஏ.வுக்கு சர்ஜாப்பூரோ டெல்லியோ போகட்டும். முதுநிலைக்கு உதவித்தொகை தேடவும் நேரம் இருக்கிறது. அசோகாவுக்கும் விண்ணப்பித்தாள். முழு உதவி வந்தால் மட்டும் என்று முதலிலேயே பேசி முடிவு செய்துவிட்டோம், பிறகு அழுகை வேண்டாம் என்று. கடன் நான்கு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நான் போட்ட கோடு. அதுவரைக்கும் பேங்கில் அடமானம் கேட்க மாட்டார்கள், கடைப் பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டியதில்லை. வசதியான குடும்பம் என்றால் இந்தக் கோடு வேறு இடத்தில் விழும், அப்போது அசோகா முதலில் வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நேர்காணலுக்குப் போகும்போது பாப்பா அந்தப் பழைய கட்டுரை நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு போனாள், ஜீரோ டிக்கெட் ஒட்டிய பக்கத்தோடு. காட்டினாளா என்று கேட்டேன். காட்டவில்லையாம், ஆனால் தங்கவயல் பற்றி இருபது நிமிடம் பேச்சு ஓடியதாம். இப்போது உதவித்தொகைக் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம். செயின்ட் ஜோசப்ஸ் முதல் தவணைப் பணத்தை மாமா தனியாக எடுத்து வைத்துவிட்டார். கடைசித் தேதியைக் கடை காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார், அதற்குப் பதினைந்து நாள் முன்னால் இன்னொரு வட்டம்.